ஓப்பன்பிஎஸ்டியில் பாதுகாப்பு அரண்களைப் பராமரித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாதுகாப்பை முதன்மையாக வைத்த யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியில் சர்வர் ஓட்டுபவர்கள், டெஸ்க்டாப்பாக வைத்திருப்பவர்கள், போர்ட்ஸ் மரத்தில் (வெளி நிரல்களைப் பொதியாக்கும் தொகுப்பு) பொதி செய்பவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. நிறுவும்போதே அரண்கள் (நிரலில் பிழை இருந்தாலும் தாக்குபவர் அதைப் பயன்படுத்தாமல் தடுக்கும் ஏற்பாடுகள்) எல்லாம் இயங்க ஆரம்பித்துவிடுகின்றன. அதனால் "எப்படிப் போடுவது" என்று யாரும் கேட்பதில்லை. "ஏன் இந்த நிரல் செத்தது, நான் அரணைத் தளர்த்தலாமா" என்றுதான் கேட்கிறார்கள். விலக்கு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒரே ஒரு கோப்பிற்குக் கொடுங்கள், எங்காவது குறித்து வையுங்கள், அடுத்த பதிப்பு வரும்போது இன்னும் தேவையா என்று பாருங்கள். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதன் விரிவுதான்.

எந்த அரண் எப்போது வந்தது?

2003 மே மாதம் வெளிவந்த 3.3 பதிப்பில் இரண்டு வந்தன. ஒன்று, நினைவகத்தின் ஒரு பக்கத்தில் எழுதலாம் அல்லது அதை ஓட்டலாம், இரண்டும் சேர்ந்து கூடாது என்ற விதி. மற்றொன்று, ஸ்டாக்கைக் காக்கும் புரோபோலீஸ். 5.3-இல் (2013) நிரல்கள் எல்லாம் இடம்மாறி ஏறக்கூடியவையாகவே கம்பைல் ஆகத் தொடங்கின. நிரல் தனக்குத் தேவையான வசதிகளை மட்டும் வைத்துக்கொள்ளச் செய்யும் பிளெட்ஜ் 5.9-இல் (2016) வந்தது. அதே ஆண்டு 6.0-இல் எழுது/ஓட்டு விதி கறாரானது. மெஷின் தொடங்கும் ஒவ்வொரு பூட்டிற்கும் கர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதி) மறுபடி லிங்க் செய்யும் கார்ல் 6.2-இல் (2017), நிரலுக்குத் தேவையான கோப்புகளை மட்டும் காட்டும் அன்வீலும், ஃபங்ஷன் திரும்பும் முகவரியைக் காக்கும் ரெட்கார்டும் 6.4-இல் (2018) வந்தன. 7.3-இல் (2023) நிரலின் குறிப்பகுதியை (ஓடும் கட்டளைகள் உள்ள பகுதி) படிக்கவே முடியாமல், ஓட்ட மட்டுமே முடியும்படி செய்தார்கள். 7.5-இல் (2024) ஒவ்வொரு சிஸ்டம் காலும் (நிரல் கர்னலிடம் வைக்கும் கோரிக்கை) லிப்சி என்ற அடிப்படை நூலகத்திற்குள் அதற்குரிய முகவரியிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்று கட்டிப்போட்டார்கள்.

இவற்றை ஒட்டுமொத்தமாக அணைக்க ஒரு சுவிட்ச் உண்டா?

இல்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. அணைக்கும் சுவிட்ச் இருந்தால், முதல் நிரல் உடைந்த அன்றே அதை அணைக்கச் சொல்லி யாராவது எழுதிவைப்பார்கள், மற்றவர்கள் அதை நகலெடுப்பார்கள். பிழை திருத்தப்படாமலே கிடக்கும். எல்லோருக்கும் எப்போதும் இயங்கும் அரண் என்றால் உடைந்த நிரலைத் திருத்துவதைத் தவிர வழியில்லை. ஓப்பன்பிஎஸ்டி கண்டுபிடித்த பல பிழைகள் இப்படித்தான் மற்ற இயங்குதளங்களிலும் திருத்தப்பட்டன.

ஒரு நிரலை /ஹோமில் வைத்து ஓட்டினால் "பெர்மிஷன் டினைடு" வருகிறது. சிஎச்மாட் எல்லாம் சரியாக இருக்கிறது. என்ன கோளாறு?

முதலில் கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையை ஓட்டிக் கடைசி வரிகளைப் பாருங்கள். "டபிள்யூஎக்ஸ்அலவ்டு மவுன்ட்பாயின்ட்டுக்கு வெளியே" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் விஷயம் புரிந்துவிடும். எழுதவும் ஓட்டவும் கூடிய பக்கங்கள் தேவைப்படும் நிரலுக்கு (ஓடும்போதே குறிமுறையை உண்டாக்கும் ஜிட் கம்பைலர் உள்ளவை பெரும்பாலும்) இரண்டு அனுமதிகள் சேர்ந்து வேண்டும். நிரல் கோப்பின் தலைப்பில் டபிள்யூஎக்ஸ்நீடட் என்ற குறி இருக்க வேண்டும். அந்தக் கோப்பு இருக்கும் பார்ட்டிஷன் டபிள்யூஎக்ஸ்அலவ்டு என்ற விருப்பத்தோடு மவுன்ட் ஆகியிருக்க வேண்டும். தானியங்கிப் பார்ட்டிஷனை ஏற்றுக்கொண்டு நிறுவினால் /யூஎஸ்ஆர்/லோக்கலுக்கு மட்டும் அந்த விருப்பம் கிடைக்கும்.

குறி இருக்கிறதா என்று பார்க்க ரீட்எல்ஃப் கட்டளையை -எல் விருப்பத்தோடு ஓட்டி, வெளியீட்டில் டபிள்யூஎக்ஸ்நீட் என்று தேடுங்கள்.

குறி இருந்து, பார்ட்டிஷன் சரியில்லை என்றால் மேலே சொன்ன "பெர்மிஷன் டினைடு". குறியே இல்லாமல் நிரல் அப்படிப்பட்ட பக்கம் கேட்டால், நினைவகம் கேட்கும் எம்மேப் அழைப்பு பிழையோடு திரும்பும். நிரல் அதைக் கவனிக்காமல் மேலே போய் வேறெங்கோ விழும். எங்கே விழுகிறது என்று தெரியாவிட்டால் கெர்ன்.டபிள்யூஎக்ஸ்அபார்ட் என்ற சிஸ்சிடிஎல் (கர்னல் அமைப்பு) மதிப்பை 1 ஆக்குங்கள். விதியை மீறிய அந்த இடத்திலேயே கோர் கோப்பு கிடைக்கும். வேலை முடிந்ததும் 0 ஆக்க மறக்காதீர்கள்.

இதற்காக /ஹோமை டபிள்யூஎக்ஸ்அலவ்டு ஆக்குபவர்கள் உண்டு. வேண்டாம். நிரலை /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் நகர்த்துங்கள். ரூட் மட்டுமே எழுதக்கூடிய இடம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பொதி கட்டுபவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: போர்ட்ஸ் வேலை நடக்கும் டைரக்டரி (டபிள்யூஆர்கேஓபிஜேடிஐஆர் சுட்டும் இடம்) இந்த விருப்பமுள்ள பார்ட்டிஷனில் இல்லாவிட்டால், கட்டும் நடுவிலேயே பொதி தன் சொந்தக் கருவியை ஓட்ட முடியாமல் நின்றுவிடும். அதற்கென்று தனிப் பார்ட்டிஷன் ஒதுக்குவது நல்லது.

"கர்னல் ரீலிங்கிங் ஃபெயில்டு" என்று பூட்டில் வருகிறது. கவலைப்பட வேண்டுமா?

இன்றைக்கு மெஷின் ஓடும், ஆனால் கவலைப்பட வேண்டும். கார்ல் செய்வது இதுதான்: பூட் ஆன பின் பின்னணியில் கர்னலின் ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கலைத்துப்போட்டு, வேறு வரிசையில் லிங்க் செய்து, அடுத்த பூட்டிற்கு ஒரு புதிய /பிஎஸ்டி கோப்பை வைக்கும். உலகில் வேறெந்த மெஷினிலும் அதே உள்ளமைப்பு இருக்காது. ஒரு முகவரி கசிந்தாலும் அதை வைத்து மற்ற ஃபங்ஷன்களின் இடத்தைக் கணக்கிட முடியாது. லிங்க் தோற்றால் நேற்றைய கர்னலே நாளையும் ஓடும். அதைவிட மோசம், சிஸ்பேட்ச் (அதிகாரபூர்வத் திருத்தங்களை ஏற்றும் கருவி) வழியே வரும் கர்னல் திருத்தமும் இதே லிங்க் ஏற்பாட்டைத்தான் நம்பியிருக்கிறது. இது உடைந்திருந்தால் கர்னல் பேட்சும் ஏறாது.

காரணத்தை /யூஎஸ்ஆர்/ஷேர்/ரீலிங்க்/கர்னல் அடியில், உங்கள் கர்னல் பெயருள்ள டைரக்டரியில் (பல கோர் மெஷினென்றால் ஜெனரிக்.எம்பி) ரீலிங்க்.லாக் கோப்பில் படியுங்கள். அநேகமாக மூன்றில் ஒன்று இருக்கும்.

முதலாவது, செக்சம் பொருந்தவில்லை. யாரோ கையால் வேறு கர்னலை வைத்திருக்கிறார்கள், அல்லது கான்ஃபிக் -ஈ கொண்டு /பிஎஸ்டியை நேரடியாகத் திருத்தியிருக்கிறார்கள். /வார்/டிபி/கர்னல்.எஸ்எச்ஏ256 கோப்பில் உள்ள மதிப்போடு ஒத்துப்போகாததால் லிங்க் வேலை ஒதுங்கிக்கொள்ளும். நீங்கள் வைத்ததுதான் என்று உறுதியாகத் தெரிந்தால், எஸ்எச்ஏ256 கட்டளையை -எச் விருப்பத்தோடு ஓட்டி அந்தக் கோப்பைப் புதுப்பிக்கலாம். டிவைஸ் டிரைவரை அணைப்பது போன்ற சின்ன மாற்றம்தான் தேவை என்றால் அதை /எட்சி/பிஎஸ்டி.ரீ-கான்ஃபிக் கோப்பில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு மறுலிங்கிலும் தானாகச் சேரும்.

இரண்டாவது, /யூஎஸ்ஆரில் இடமில்லை. பழைய நிறுவலில் சின்னதாக வெட்டிய பார்ட்டிஷன்களில் இது சகஜம்.

மூன்றாவதுதான் வேடிக்கை. கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து /பிஎஸ்டி கோப்பிற்கு சிஎச்ஃபிளாக்ஸ் கொண்டு மாற்றமுடியாத குறி போட்டிருப்பார்கள். கர்னலின் பாதுகாப்பு நிலையான செக்யூர்லெவல் 1-இல் (இதுவே இயல்பு) அந்தக் குறியை ரூட்டாலும் எடுக்க முடியாது, ஆகவே கார்லால் புதிய கர்னலை வைக்க முடியாது. சிங்கிள் யூசரில் போய் குறியை நீக்குங்கள்.

பேட்ச், அப்கிரேட்: எவ்வளவு அடிக்கடி?

ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒரு பதிப்பு வருகிறது. கடைசி இரண்டு பதிப்புகளுக்கே திருத்தம் கிடைக்கும். ஆக ஒரு பதிப்பின் ஆயுள் சுமார் ஓராண்டு.

தினசரி கிரானில் சிஸ்பேட்ச் -சி போட்டு வையுங்கள். ஏறாத திருத்தம் இருந்தால் பெயரை அச்சிடும், இல்லாவிட்டால் மௌனமாக இருக்கும். கிரான் மெயிலுக்குத் தோதான நடத்தை. திருத்தங்கள் வரிசையாகத்தான் ஏறும், நடுவில் ஒன்றைத் தாண்ட முடியாது. ஏற்றியதில் கோளாறென்றால் சிறிய -ஆர் கடைசி ஒன்றை மட்டும் விலக்கும், பெரிய -ஆர் அனைத்தையும் விலக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிஸ்பேட்ச் ஏஎம்டி64, ஏஆர்எம்64, ஐ386 ஆகியவற்றுக்கு மட்டும். மற்றவற்றில் மூலக்குறியிலிருந்து கட்டித்தான் ஆக வேண்டும்.

அப்கிரேடில் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஒவ்வொரு பதிப்பும் தனக்கு அடுத்த பதிப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சிக்னிஃபை பொதுத் திறவுகோலை /எட்சி/சிக்னிஃபையில் கொண்டுவருகிறது. 7.4 மெஷினில் 7.5-இன் திறவுகோல் இருக்கும், 7.6-இனுடையது இருக்காது. இரண்டு படி பின்தங்கினால், அப்கிரேட் செய்யும் கருவியான சிஸ்அப்கிரேடை இரண்டு முறை ஓட்டுங்கள். ஓட்டும் முன் /ஹோமில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள், பதிவிறக்கம் அங்கேதான் இறங்கும். முடிந்ததும் அமைப்புக் கோப்புகளை இணைக்க சிஸ்மெர்ஜ், பிறகு பொதிகளைப் புதுப்பிக்க பிகேஜி_ஆட் -யூ.

கடைசியாகச் சொன்னதை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டால் பழைய பொதிகள் சாகும். பழைய பைனரிகள் ஓடும் என்று ஓப்பன்பிஎஸ்டி வாக்குக் கொடுப்பதே இல்லை.

நிரல் "பிளெட்ஜ்" என்று சொல்லிச் செத்துவிடுகிறது. எப்படித் துப்புத் துலக்குவது?

பிளெட்ஜ் என்பது நிரல் கர்னலிடம் "இனி எனக்கு இவை போதும்" என்று கொடுக்கும் வாக்குறுதி. வாக்கை மீறினால் பிடிக்க முடியாத சிக்அபார்ட் வந்து செயல்முறை அந்த நொடியே முடியும். டிமெஸ்ஜியில் இப்படி ஒரு வரி விழும்:

லாக்ஸ்டாட்[48213]: பிளெட்ஜ் "சிபாத்", சிஸ்கால் 10

இதை வலமிருந்து படியுங்கள். 10-ஆம் எண் சிஸ்டம் கால் அன்லிங்க், அதாவது கோப்பை நீக்குவது. எண்களின் பட்டியல் /யூஎஸ்ஆர்/இன்க்லூட்/சிஸ்/சிஸ்கால்.எச் கோப்பில் இருக்கிறது. அதற்குத் தேவைப்பட்ட வாக்குறுதி சிபாத்; நிரல் அதைக் கேட்டிருக்கவில்லை. யார் கூப்பிட்டார்கள் என்று தெரிய கேட்ரேஸ் -டிஐ போட்டு நிரலை ஓட்டி, கேடம்ப் வெளியீட்டில் பிஎல்டிஜி என்ற வரியைத் தேடுங்கள். அதற்கு மேலுள்ள பத்துப் பதினைந்து வரிகளில் எந்தக் கோப்பு என்று தெரிந்துவிடும்.

நேற்றுவரை ஓடியது இன்று ஏன் சாகிறது? பெரும்பாலும் மேல்நிலை ஆசிரியர் (நிரலை மூலத்தில் எழுதுபவர்) நல்ல எண்ணத்தோடு செய்த மாற்றம். கோப்பில் நேரடியாக எழுதிக்கொண்டிருந்தவர், மின்தடை வந்தாலும் கோப்பு கெடக்கூடாது என்று தற்காலிகக் கோப்பில் எழுதி ரீநேம் செய்ய ஆரம்பித்திருப்பார். கோப்பில் எழுத விடும் டபிள்யூபாத் வாக்குறுதி போதுமாக இருந்த இடத்தில், கோப்பை உண்டாக்கவும் நீக்கவும் விடும் சிபாத்தும் இப்போது வேண்டும். பயனர் பெயரைத் தேடத் தொடங்கினால் கெட்பிடபிள்யூ, ஹோஸ்ட் பெயரைத் தேடினால் டிஎன்எஸ், கடவுச்சொல்லைத் திரையில் கேட்டால் டிடிஒய்.

இன்னொரு வகை இன்னும் எரிச்சலானது: மாதக்கணக்கில் சரியாக ஓடிவிட்டு, சிக்எச்அப் சிக்னல் அனுப்பி அமைப்பை மறுபடி படிக்கச் சொன்ன அன்று சாகும். அரிதாக ஓடும் பாதைகளை யாரும் சோதிப்பதில்லை. பிளெட்ஜ் சேர்த்த நிரலை வெளியிடும் முன் மறுஏற்றம், டிஸ்க் நிறைந்த நிலை, நெட்வொர்க் அறுந்த நிலை இவை மூன்றையும் கட்டாயம் ஓட்டிப்பாருங்கள்.

"எரர்" என்றும் ஒரு வாக்குறுதி உண்டு. அதைச் சேர்த்தால் மீறல் கொல்லாது, பிழை எண்ணாகத் திரும்பும். சோதனைக்கு உதவும். வெளியீட்டில் விட்டுவைத்தால், எங்கே தவறு நடக்கிறது என்பதே வெளியே தெரியாமல் போகும்.

அன்வீல் போட்ட நிரல், கண்முன் இருக்கும் கோப்பை "இல்லை" என்கிறது.

அன்வீல் கொல்லாது, மறைக்கும். திறந்துவிடாத பாதையைக் கேட்டால் "அப்படியொரு கோப்பே இல்லை" என்ற பிழை; பாதை திறந்திருந்து உரிமை போதாவிட்டால் "அனுமதி இல்லை" என்ற பிழை. எந்தப் பிழை வருகிறது என்பதிலிருந்தே பாதி விடை கிடைக்கும்.

அதிகம் பேர் விழும் குழி ஒன்று உண்டு. அன்வீல் டைரக்டரியை அதன் பெயரைக் கொண்டு நினைவில் வைப்பதில்லை, அந்தக் குறிப்பிட்ட டைரக்டரியையே பிடித்துவைக்கிறது. டைரக்டரி அல்லாத கோப்பை, அது இருக்கும் டைரக்டரிக்குள் பெயராக நினைவில் வைக்கிறது. எனவே லாக் கோப்பைச் சுழற்றிப் புதிதாக உண்டாக்கினால் பிரச்சினை இல்லை. கேஷ் டைரக்டரியை ஒரு ஸ்கிரிப்ட் அழித்து அதே பெயரில் மறுபடி உண்டாக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அது மறைந்தே போகும். உள்ளே இருப்பதை மட்டும் துடையுங்கள், டைரக்டரியைத் தொடாதீர்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் கோப்பு இணைக்கப் போனால் டாக்குமென்ட்ஸ் காலியாக இருக்கிறது. என் கோப்புகள் போய்விட்டனவா?

எதுவும் போகவில்லை. உலாவிக்கு உங்கள் ஹோமில் டவுன்லோட்ஸ் டைரக்டரி தவிர மிகச் சிலவே தெரியும்படி அன்வீல் செய்திருக்கிறார்கள். உலாவி வழியே எவராவது நுழைந்தாலும் எஸ்எஸ்எச் திறவுகோல்களைப் பார்க்கவே முடியாது என்பதுதான் நோக்கம். அனுப்ப வேண்டிய கோப்பை டவுன்லோட்ஸுக்கு நகலெடுங்கள், பழகிவிடும்.

பழக மாட்டேன் என்றால் /எட்சி/ஃபயர்ஃபாக்ஸ் அடியில் அன்வீல் என்று தொடங்கும் கோப்புகளில் பாதையும் உரிமையும் சேர்க்கலாம். சேர்ப்பதை ஒரே டைரக்டரியோடு, படிக்க மட்டும் என்ற உரிமையோடு நிறுத்துங்கள். ஆனால் அந்தக் கோப்பைத் தொட்ட நிமிடத்திலிருந்து அது உங்கள் பொறுப்பு. பொதி புதுப்பிக்கும்போது நீங்கள் திருத்திய கோப்பை பிகேஜி_ஆட் மாற்றாது; புதிய பதிப்பிற்குத் தேவைப்படும் புதிய வரி உங்களிடம் வராது. ஃபயர்ஃபாக்ஸ் திடீரென்று ஒலி இல்லாமலோ, டேப் டேபாகச் செத்தோ போனால், /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/எக்ஸாம்பிள்ஸில் உள்ள மாதிரிக் கோப்போடு டிஃப் போட்டுப் பாருங்கள்.

மாலாக் அரண்களைக் கூட்டலாமா?

மாலாக் என்பது நிரல்களுக்கு நினைவகம் ஒதுக்கும் பகுதி. அதன் அரண்களைக் கூட்டலாம், ஆனால் முதலில் ஒரே நிரலுக்கு. மாலாக்_ஆப்ஷன்ஸ் என்ற சூழல் மாறிக்குப் பெரிய எழுத்து எஸ் என்று மதிப்பிட்டு அந்த நிரலை மட்டும் ஓட்டுங்கள். காவல் பக்கங்கள், கேனரிகள் (எல்லை மீறி எழுதினால் காட்டிக்கொடுக்கும் மதிப்புகள்), விடுவித்த நினைவகத்தைச் சோதிப்பது, குப்பை நிரப்புவது எல்லாம் ஒன்றாகச் சேரும். வேகம் குறையும், நினைவகம் கூடும். எவ்வளவு என்பது நிரலைப் பொறுத்தது. இரண்டு வாரம் பிரச்சினை இல்லாமல் ஓடினால், விஎம்.மாலாக்_கான்ஃப் மதிப்பை /எட்சி/சிஸ்சிடிஎல்.கான்ஃபில் எழுதி மெஷின் முழுவதற்கும் ஆக்கலாம்.

நிரல் விழுந்தால் டீபக்கரில் பாயின்டரின் மதிப்பைப் பாருங்கள். டிஎஃப் டிஎஃப் டிஎஃப் என்று ஹெக்ஸாடெசிமல் எண் திரும்பத் திரும்ப வந்தால், விடுவித்த நினைவகத்தைத் தொடுகிறது. டிபி டிபி டிபி என்று வந்தால், புதிதாக வாங்கிய நினைவகத்தை நிரப்பாமலே படிக்கிறது. பிழை அறிக்கையில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் மேல்நிலை ஆசிரியருக்குப் பாதி வேலை முடிந்தது. தனக்கென்று நினைவகப் பட்டியல் வைத்துக்கொள்ளும் நிரல்களில் இது எதுவும் பிடிபடாது. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பிழை வெளிவந்தபோது மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் மீது எழுந்த முக்கியக் குற்றச்சாட்டும் அதுதான். அதே மாதம் அதிலிருந்து ஓப்பன்பிஎஸ்டியின் லிப்ரெஎஸ்எஸ்எல் பிரிந்தது.

பொதி கட்டுகிறேன். எந்த விலக்கு எப்போது?

மேக்ஃபைலில் மூன்று மாறிகள் உண்டு. எழுதி ஓட்டும் பக்கம் கேட்பதற்கு யூஸ்_டபிள்யூஎக்ஸ்நீடட். கையால் எழுதிய அசெம்பிளியில் மறைமுகத் தாவலுக்கான இறங்குபுள்ளி இல்லாதபோது யூஸ்_நோபிடிசிஎஃப்ஐ. குறிப்பகுதிக்குள்ளேயே மாறிலி அட்டவணைகளை வைத்துப் படிப்பதற்கு யூஸ்_நோஎக்ஸெக்ஒன்லி.

மூன்றாவதைப் போடும் முன் அசெம்பிளிக் கோப்பைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அட்டவணையை ரோடேட்டா பகுதிக்கு நகர்த்தும் இரண்டு வரிதான் திருத்தம். மறையாக்க நூலகங்கள், வீடியோ கோடெக்குகள் இதில் பேர்போனவை. விலக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் மேலே ஒரு கமென்ட்டில் எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன் என்று எழுதுங்கள். எழுதாத விலக்கை அடுத்த பராமரிப்பாளர் எடுக்கத் துணிய மாட்டார். ஒவ்வொரு பதிப்புக்கு முன்பும் விலக்கை எடுத்துவிட்டு ஒருமுறை கட்டிப்பாருங்கள்.

லிப்சியைத் தொடாமல் சிஸ்டம் கால் செய்யும் மொழிகள் என்ன ஆகின்றன?

மாறிக்கொண்டன. கோ மொழி நெடுங்காலம் கர்னலை நேரடியாகவே கூப்பிட்டது, 1.16 பதிப்பிலிருந்து (2021) ஏஎம்டி64, ஏஆர்எம்64 இரண்டிலும் லிப்சி வழியாகப் போகிறது. 7.5-இல் சிஸ்கால் என்ற பொது ஃபங்ஷனையே லிப்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். மூலக்குறி கையில் இல்லாத பழைய பைனரி உங்களிடம் இருந்தால், அதற்கு ஓப்பன்பிஎஸ்டி இடமில்லை.

எட்டு திரெட் உள்ள சிபியூவில் நான்குதான் தெரிகிறது.

ஹைப்பர்திரெடிங் 6.4 முதல் இயல்பிலேயே அணைந்திருக்கிறது, ஒரே கோரைப் பகிரும் இரண்டு திரெட்களுக்கிடையே தகவல் கசியலாம் என்பதால். எச்டபிள்யூ.எஸ்எம்டி மதிப்பை 1 ஆக்கினால் வரும். கம்பைல் மட்டும் செய்யும் தனி மெஷினென்றால் ஆக்குங்கள். அந்நியர் குறிமுறை ஓடும் இடத்தில், உலாவி உட்பட, வேண்டாம்.

செக்யூர்லெவலை 2-க்கு உயர்த்தலாமா?

ஃபயர்வால் மெஷினென்றால் யோசிக்கலாம். /எட்சி/ஆர்சி.செக்யூர்லெவலில் சிஸ்சிடிஎல் கெர்ன்.செக்யூர்லெவல்=2 என்ற கட்டளையை எழுதினால் போதும். பிறகு பிஎஃப் (ஓப்பன்பிஎஸ்டியின் ஃபயர்வால்) விதிகளை மாற்ற முடியாது, கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள முடியாது, டிஸ்க்கை நேரடியாக எழுத முடியாது. நள்ளிரவில் ஒரு முகவரியைத் தடுக்க வேண்டி வந்தால் மெஷினின் கன்சோலுக்குப் போய் சிங்கிள் யூசரில் இறங்க வேண்டும். கன்சோல் வசதி இல்லாத வாடகை சர்வரில் இதைச் செய்யாதீர்கள்.

அரண்களையே நீக்கியதும் உண்டாமே?

உண்டு. சிஸ்ட்ரேஸை 6.0-இல் எடுத்தார்கள். நிரலுக்கு வெளியிலிருந்து ஒவ்வொரு சிஸ்டம் காலையும் சோதித்த கருவி அது. சோதித்த நொடிக்கும் கர்னல் வாதத்தைப் படிக்கும் நொடிக்கும் நடுவே இன்னொரு திரெட் வாதத்தை மாற்றிவிடலாம் என்று 2007-இலேயே காட்டப்பட்டது. பிளெட்ஜ் வந்த பின் அதை வைத்திருக்கக் காரணம் இல்லாமல் போனது. போர்ட்ஸ் கட்டும்போது பொதி நெட்வொர்க்கைத் தொடாமல் காக்க அதைப் பயன்படுத்தியவர்களுக்கு இப்போது போர்ட்ஸ்_பிரிவ்செப் இருக்கிறது: பதிவிறக்க _பிஃபெட்ச், கட்ட _பிபில்ட் என்று இரண்டு தனிப் பயனர்கள். _பிபில்ட் வெளியே பேசக்கூடாது என்ற விதி இயல்பான பிஎஃப்.கான்ஃபிலேயே கடைசியில் இருக்கிறது. பிஎஃப்.கான்ஃபைப் புதிதாக எழுதும்போது பலர் அதைத்தான் முதலில் அழித்துவிடுகிறார்கள்.